காப்பித் தோட்டத்தில் கேமரா: எதைப் படம் பிடிப்பது?

சேலத்திலிருந்து குப்பனூர் வழியாக ஏற்காட்டுக்கு ஏறும் மலைப்பாதையில் இருக்கிறது கொட்டச்சேடு. சில்வர் ஓக் மரங்களும், அவற்றில் ஏறிய மிளகுக் கொடிகளும், அடியில் காப்பிச் செடிகளுமாகச் சிறு சிறு தோட்டங்கள் நிறைந்த பகுதி. 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் துரை சேர்வராயன் மலைக்குக் காப்பியைக் கொண்டு வந்தார். அன்று பெரிய தோட்டங்களில் தொடங்கிய பயிர், இன்று ஓரிரு ஏக்கர் வைத்திருக்கும் மலைக் கிராமத்து விவசாயியின் குடும்பத்தையும் தாங்கி நிற்கிறது.

இந்தப் பாதையில் வேறு ஏதோ வேலையாகச் செல்லும் விரிவாக்க அலுவலர் ஒருவரை, சாலையோரத்தில் நிற்கும் விவசாயி கைகாட்டி நிறுத்துகிறார் என்று வைத்துக் கொள்வோம். முன்கூட்டிச் சொல்லி வந்த வருகை அல்ல. அலுவலரின் கையில் கைபேசிக் கேமரா ஒன்றுதான் இருக்கிறது.

"செடியெல்லாம் மஞ்சளாப் போகுதுங்க. போட்டோ எடுத்து அனுப்பினேன். உரம் பத்தலைன்னு சொன்னாங்க. உரமும் வெச்சாச்சுங்க. பச்சை திரும்பவே இல்லை" என்கிறார் விவசாயி. அவர் அனுப்பிய படத்தை அலுவலர் வாங்கிப் பார்க்கிறார். அதில் இருப்பது ஒரு கிளையின் நுனியும் நான்கு மஞ்சள் இலைகளும் மட்டுமே. அந்தப் படத்தைப் பார்த்தவர் உரம் என்று சொன்னதில் வியப்பில்லை. படத்தில் தண்டு இல்லை, இலையின் அடிப்புறம் இல்லை, பக்கத்துச் செடி இல்லை, மேலே நிழல் இருக்கிறதா என்பதும் தெரியவில்லை.

இது போன்ற நிலைமை இன்று மலைத்தோட்டங்களில் மட்டுமல்ல, சமவெளியிலும் பரவலாகக் காணப்படுகிறது. கைபேசி இல்லாத வீடு குறைவு. பயிரில் ஏதேனும் கோளாறு தெரிந்தால் உடனே படம் எடுத்து அனுப்பும் பழக்கம் வந்துவிட்டது. நல்ல பழக்கம்தான். ஆனால் தவறான படம் தவறான சிபாரிசைக் கொண்டு வரும். காப்பியில் அந்தத் தவறுக்கு விலை சில மூட்டை உரம் மட்டுமல்ல. ஏழெட்டு ஆண்டு வளர்த்த செடியே போய்விடும்.

மஞ்சள் இலை சொல்வது என்ன?

காப்பிச் செடியில் இலை மஞ்சளாவதற்குப் பல காரணங்கள் உண்டு. தழைச்சத்துக் குறைந்தால் முதிர்ந்த இலைகள் முழுவதும் ஒரே சீராக வெளுக்கும். மக்னீசியம் குறைந்தால் அதே முதிர்ந்த இலைகளில் நரம்புகள் பச்சையாக இருக்க, இடைப்பகுதி மட்டும் மஞ்சளாகும். இரும்புச்சத்துக் குறைபாடு அதற்கு நேர் எதிர்; அது இளந்தளிரில் முதலில் தெரியும். எனவே மஞ்சள் இலை கிளையின் நுனியில் உள்ளதா, உட்பக்கத்தில் உள்ளதா என்பதே ஒரு துப்பு. நான்கு இலைகளைப் பறித்துக் கையில் வைத்துப் படம் எடுத்தால் இந்தத் துப்பு போய்விடுகிறது. கிளையோடு சேர்த்து எடுக்க வேண்டும்.

இலைத் துரு நோயில் மேற்புறம் மஞ்சள் புள்ளிகள் மட்டும் தெரியும். இலையைத் திருப்பினால் ஆரஞ்சு நிறத்தில் பொடி பூசியது போல் இருக்கும். விரலால் தொட்டால் ஒட்டும். அடிப்புறத்தைப் படம் எடுக்காதவருக்கு இந்த நோயைச் சொல்ல எந்த நிபுணராலும் இயலாது.

இவை எதுவும் இல்லாமல், செடி முழுவதுமோ ஒரு பக்கம் மட்டுமோ இலை மஞ்சளாகித் தொங்கி வாடினால், பார்க்க வேண்டிய இடம் இலை அல்ல, தண்டு. அரபிக்கா காப்பியின் மிகப் பெரிய பகையான வெள்ளைத் தண்டுத் துளைப்பான் அங்கே இருக்கலாம்.

இந்த வண்டு கருமை நிறமானது. இறக்கையில் வெண்ணிறக் கோடுகள் இருக்கும். பெண் வண்டு முதன்மைத் தண்டிலும் பருத்த கிளைகளிலும் பட்டையின் வெடிப்புகளில் முட்டையிடும். வெயில் நேராகப் படும் தண்டுகளே அதற்கு விருப்பமானவை. புழு முதலில் பட்டைக்கு அடியில் தின்று, பிறகு மரத்தின் உட்பகுதிக்குள் சென்று வேர் வரையிலும் சுரங்கம் போடும். சுமார் 10 மாதங்கள் உள்ளேயே வாழும். போகும் வழியை எல்லாம் தன் கழிவினால் கெட்டியாக அடைத்துக்கொண்டே போவதால் வெளியில் மரத்தூள் கொட்டாது, துளையும் தெரியாது. செடியின் அடியில் குருணை குருணையாக எச்சம் விழுந்திருந்தால் அது சிவப்புத் துளைப்பான், வேறு பூச்சி. வெள்ளைத் துளைப்பானின் வட்டமான துளை கண்ணில் படும்போது வண்டு வெளியேறிவிட்டது என்று பொருள். அப்போது எடுக்கும் படம், திருடன் போன பிறகு திறந்து கிடக்கும் கதவைப் படம் எடுப்பது போலத்தான்.

ஆனால் முன்கூட்டியே காட்டிக்கொடுக்கும் அடையாளம் ஒன்று உண்டு. புழு பட்டைக்கு அடியில் தின்ற வழியில் பட்டை மேடிட்டு, வரப்பு வரப்பாகத் தண்டைச் சுற்றித் தெரியும். கையால் தடவினால் கண்ணை விட விரலுக்கு நன்றாகத் தெரியும். இதைப் படம் எடுக்க வேண்டுமானால் வெளிச்சம் பக்கவாட்டிலிருந்து விழ வேண்டும். நேருக்கு நேர் பிளாஷ் போட்டால் மேடு பள்ளம் அனைத்தும் தட்டையாகி, நோயுற்ற தண்டும் நல்ல தண்டு போலவே படத்தில் வரும். பிளாஷை அணைத்துவிட்டு, இன்னொருவரை ஒரு பக்கமாக டார்ச் விளக்குப் பிடிக்கச் சொல்லி எடுப்பது நல்லது.

படம் எடுக்கும் முறை

முதலில் பத்து அடி தள்ளி நின்று, வாடிய செடியும் அதன் பக்கத்தில் உள்ள நல்ல செடியும் ஒரே படத்தில் வருமாறு எடுக்க வேண்டும். கோளாறு ஒரு செடியிலா, ஒரு வரிசையிலா, சரிவின் ஒரு பக்கத்திலா என்பது இதில்தான் தெரியும். பிறகு செடி முழுவதும்; அதன் பின் தரையிலிருந்து முழங்கால் உயரம் வரை தண்டு; கிளையோடு இலையின் மேற்புறம், அடிப்புறம். காயில் கோளாறு என்றால் காயின் நுனிப்பகுதி தெரிய வேண்டும். 1990-ல் நீலகிரி மாவட்டம் கூடலூர்ப் பகுதியில் முதன்முதலாக நம் நாட்டில் காணப்பட்ட காய்த் துளைப்பான், காயின் நுனியில் உள்ள தொப்புள் பகுதியில்தான் குண்டூசித் துளை போடும். காம்புப் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பிப் பயனில்லை. அத்தகைய காய் ஒன்றைப் பிளந்து உள்ளேயும் எடுக்க வேண்டும்.

கைபேசியை இலைக்கு மிக அருகில் கொண்டுபோனால் படம் மங்கும். ஒரு சாண் தூரத்தில் வைத்து, பார்க்க வேண்டிய இடத்தைத் திரையில் விரலால் தொட்டுத் தெளிவாக்கிய பிறகு எடுக்கலாம். ஏற்காட்டு மூடுபனியில் கண்ணாடி வியர்க்கும். மெல்லிய பருத்தித் துணியால் துடைக்காமல் எடுத்த படங்கள் எல்லாமே வெண்படலம் போர்த்தியது போல் இருக்கும். உச்சி வெயிலும் ஆகாது. நிழல் மரங்களின் இடுக்கில் விழும் வெயில் இலை மேல் வெள்ளைப் பொட்டுப் பொட்டாகத் தெரிந்து, இல்லாத நோயை எல்லாம் காட்டும். காலை 8 முதல் 10 மணி வரையிலான நேரமும், மேகமூட்டமான நாளும் ஏற்றவை.

விரிவாக்கப் பணியில் பழைய கதை ஒன்று உண்டு. கிராமத்தில் திரை கட்டி, ஈயின் படத்தைப் பெரிதாக்கிக் காட்டி, அதனால் வரும் நோய்களை விளக்கினார்களாம். கூட்டம் முடிந்ததும் ஒரு பெரியவர், "நல்ல வேளை, எங்க ஊரிலே இவ்வளவு பெரிய ஈ கிடையாதுங்க" என்றாராம். அளவு தெரியாத படத்துக்கு இதுதான் கதி. தண்டின் அருகே ஒரு ரூபாய் நாணயமோ தீக்குச்சியோ வைத்து எடுத்தால், துளை எத்தனை பெரியது, புழு எத்தனை நீளம் என்பதைப் பார்ப்பவர் ஊகிக்க வேண்டியதில்லை.

படத்தை வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பும்போது அது சுருங்கி, நுண்ணிய விவரங்கள் மறைகின்றன. அதையே ஆவணமாக இணைத்து அனுப்பினால் எடுத்தபடியே போய்ச் சேரும். கூடவே செடியின் ரகம், வயது, எத்தனை நாளாக இப்படி, கடைசியாக என்ன உரம் வைத்தீர்கள், என்ன மருந்து அடித்தீர்கள் என்பதை ஒரு நிமிடம் பேசிப் பதிவு செய்து அனுப்புவது அவசியம். அடித்த மருந்தைச் சொல்லக் கூச்சப்படுகிறவர்கள் உண்டு. அது தெரியாமல் சொல்லும் யோசனை அரைகுறையாகவே இருக்கும்.

கடல் கடந்து போன இலை

நோயுற்ற இலையை மட்டும் தூர தேசத்துக்கு அனுப்பி யோசனை கேட்பது புதிய விஷயம் அல்ல. 1869-ல் இலங்கைக் காப்பித் தோட்டங்களில் இலைகள் மஞ்சள் புள்ளியுடன் உதிரத் தொடங்கின. பேராதனைத் தாவரவியல் தோட்டத்தின் இயக்குநராக இருந்த துவெயிட்ஸ் அந்த இலைகளை இங்கிலாந்தில் இருந்த பூஞ்சாண இயல் அறிஞர் பெர்க்லிக்கு அனுப்பி வைத்தார். பெர்க்லி பூதக்கண்ணாடிகளின் உதவியால் அது புதிய வகைப் பூஞ்சாணம் என்று கண்டு பெயரிட்டார். பெயர் கிடைத்தது, ஆனால் நோய் எப்படிப் பரவுகிறது என்பதை இலை சொல்லவில்லை. 1880-ல் மார்ஷல் வார்டு என்ற இளைஞர் இலங்கைக்கே வந்து, இரண்டு ஆண்டுகள் தோட்டங்களிலேயே ஆராய்ந்தார். கண்ணாடித் தகடுகளைத் தோட்டத்தில் வைத்து, அவற்றில் படிந்த வித்துகளைக் கொண்டு, காற்றுதான் நோயைச் சுமந்து செல்கிறது என்று காட்டினார். அதற்குள் காலம் கடந்துவிட்டது. மலை மலையாகக் காப்பி அழிந்து, அந்த இடத்தைத் தேயிலை பிடித்தது. தமிழ்நாட்டிலிருந்து அங்கே போய்க் காப்பி பறித்த நம் மக்களின் பிழைப்பும் அதனுடன் சேர்ந்து ஆட்டம் கண்டது.

இன்று மருந்து உண்டு. பருவமழைக்கு முன்பும் பின்பும் 0.5 சதப் போர்டோ கலவையை, அதாவது 200 லிட்டர் தண்ணீருக்கு ஒரு கிலோ மயில்துத்தமும் ஒரு கிலோ சுண்ணாம்பும் சேர்த்துத் தயாரித்ததை, இலையின் அடிப்புறம் நன்கு நனையுமாறு தெளித்தால் துரு நோய் கட்டுப்படும். படமும் ஒரு நொடியில் பெங்களூருக்கே போய்விடும். ஆனால் இலையைப் பார்ப்பது வேறு, தோட்டத்தைப் பார்ப்பது வேறு என்பது மட்டும் மாறவில்லை.

படத்தைப் பார்த்துப் பூச்சியைச் சொல்லும் கணினிச் செயலிகளும் வந்துள்ளன. மத்திய அரசின் தேசியப் பூச்சிக் கண்காணிப்பு அமைப்பு 2024 ஆகஸ்டில் தொடங்கப்பட்டது. இவற்றைப் பயன்படுத்துவதில் தவறில்லை. எனினும் செயலிக்கும் நீங்கள் காட்டியது மட்டுமே தெரியும். வேரில் உள்ள நூற்புழுவையும், தண்டுக்குள் அடைபட்ட புழுவையும் எந்தக் கேமராவும் வெளியிலிருந்து படம் பிடிக்காது. சந்தேகப்படும் ஒரு செடியை வெட்டி, தண்டைப் பிளந்து பார்த்துவிட்டு, பிளந்த பாகத்தைப் படம் எடுத்து அனுப்புவதே சரியான வழி. ஒரு செடி போகிறதே என்று தயங்கினால் ஐம்பது போகும்.

படத்தின் ஓரத்தில் தெரிந்தது

கொட்டச்சேட்டுத் தோட்டத்துக்குத் திரும்புவோம். அலுவலர் தண்டைத் தடவிப் பார்க்கிறார். பட்டையில் வரப்பு தெரிகிறது. ஒரு செடியைப் பிளந்ததும் உள்ளே வெண்ணிறப் புழு. காரணம் புரிந்துவிட்டது. புறப்படும்போது, வீட்டுக்காரர்கள் வாசலில் நின்று ஒரு படம் எடுத்துக் கொள்கிறார்கள். அந்தப் படத்தில்தான் இன்னொரு விஷயம் அகப்படுகிறது. சமையற்கட்டுச் சுவரோரம் சென்ற ஆண்டு பிடுங்கிய காப்பித் தண்டுகள் விறகாக அடுக்கி வைக்கப்பட்டிருக்கின்றன.

பிடுங்கியதோடு பூச்சி ஒழிந்தது என்று நினைப்பது இயல்பு. ஆனால் புழு அந்த விறகுக்குள்ளேயே வளர்ச்சியை முடித்து, வண்டாகி, பறக்கும் பருவத்தில் மீண்டும் தோட்டத்துக்கே வரும். பிடுங்கிய தண்டை உடனே எரித்துவிட வேண்டும். விறகுக்குத்தான் வேண்டும் என்றால் பத்து நாட்கள் தண்ணீரில் முழுவதும் அமிழ்த்தி வைத்துப் புழு செத்த பிறகு உலர்த்திப் பயன்படுத்தலாம். மலையில் விறகின் அருமை அங்கே அடுப்பு எரிக்கும் பெண்களுக்குத்தான் தெரியும். எரித்துவிடு என்று மட்டும் சொல்லிவிட்டுப் போவது நியாயமல்ல.

சொல்லிவிட்டு வரும் வருகையில் இந்த விறகு அடுக்கு கண்ணில் பட்டிருக்காது. வாசல் பெருக்கப்பட்டிருக்கும், விறகு பின்புறம் போயிருக்கும், தோட்டத்தில் நல்ல பாத்தியைத்தான் முதலில் காட்டியிருப்பார்கள். வருகிறவருக்கு மரியாதை செய்வது நம் மக்களின் குணம்; ஆனால் நோயைக் கண்டுபிடிக்க அது உதவாது. விவசாயியே தன் தோட்டத்தை வாரம் ஒரு முறை, முன்னேற்பாடு ஏதுமின்றி, வழக்கமாகப் போகாத மூலையிலிருந்து தொடங்கிப் படம் எடுத்து வந்தால் இதே பலன் கிடைக்கும். மாலையில் வீட்டில் உட்கார்ந்து பார்க்கும்போது, நடந்து போகையில் கவனிக்காதது தெரியும்.

முன்னறிவிப்பின்றி வருகிறவர்களும் சிலவற்றைக் கடைப்பிடிக்க வேண்டும். ஏற்காட்டுக்குச் சுற்றுலா வருவோர் பழுத்த காப்பிக் குலையைக் கண்டதும் வேலியைத் தாண்டி உள்ளே போய்ப் படம் எடுப்பது சகஜமாகிவிட்டது. அனுமதி கேட்காமல் நுழைவது மரியாதைக் குறைவு என்பது ஒரு புறம் இருக்கட்டும். மிளகில் வாடல் நோயை உண்டாக்கும் பூஞ்சாணம் ஈர மண்ணோடு செருப்பில் ஒட்டி அடுத்த தோட்டத்துக்குப் போகக்கூடியது. அலுவலராயினும் மாணவராயினும், நோயுள்ள தோட்டத்திலிருந்து வரும்போது செருப்பைக் கழுவிவிட்டு அடுத்த தோட்டத்தில் கால் வைப்பது கட்டாயம்.

வானத்தையும் ஒரு படம்

பூச்சி அந்தத் தோட்டத்தைத் தேடி வந்ததற்கு ஒரு காரணம் இருந்திருக்க வேண்டும். பணமுடையில் சில்வர் ஓக் மரங்களை மொத்தமாக வெட்டி விற்ற தோட்டங்களில் வெயில் நேராகத் தண்டில் விழுந்து, தண்டுத் துளைப்பான் பெருகுவது தெரிந்த விஷயம். நிழல் எத்தனை இருக்கிறது என்று கண்ணால் மதிப்பிடுவது கடினம். பழகிய கண்ணுக்கு எல்லாம் சரியாகவே தோன்றும். இதற்கு ஓர் எளிய வழி உண்டு. தோட்டத்தில் நான்கைந்து இடங்களில் கல் நட்டு, ஒவ்வொரு கல்லின் மேலும் கைபேசியை வானம் பார்க்க வைத்து ஒரு படம் எடுக்கலாம். அதே கல், அதே மாதம், ஆண்டுதோறும். இரண்டு ஆண்டுப் படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எங்கே வானம் அதிகமாகத் திறந்திருக்கிறது என்பது குழந்தைக்கும் தெரியும். அங்கே உடனடி நிழலுக்குக் கல்யாண முருங்கைப் போத்து நடலாம். நிலையான நிழலுக்கு மரக்கன்று வைக்கலாம். மரம் விற்கத்தான் வேண்டும் என்றால் இடைவிட்டு, ஆண்டுக்குச் சில மரங்களாக விற்பது நலம்.

வண்டு பறக்கும் பருவங்கள் இரண்டு: ஏப்ரல் முதல் ஜூன் வரை ஒன்று, அக்டோபர் முதல் டிசம்பர் வரை மற்றொன்று. எனவே மார்ச்சிலும் செப்டம்பரிலும் தோட்டம் முழுவதும் செடி செடியாகத் தண்டைப் பார்த்துவிட வேண்டும். தாக்கப்பட்ட செடியில் வண்ணத் துணி கட்டி, துணி தெரியுமாறு படம் எடுத்துக் கொண்டால் பிடுங்கும் ஆளுக்கு இடம் காட்டுவது எளிது. நல்ல செடிகளின் முதன்மைத் தண்டிலும் பருத்த கிளைகளிலும் உரிந்து நிற்கும் பட்டையைத் தேங்காய் நாரால் தேய்த்து எடுத்தால் முட்டையிட வெடிப்பு இருக்காது. கத்தியால் சுரண்டக் கூடாது. அதன் பின் 200 லிட்டர் தண்ணீரில் 20 கிலோ சுண்ணாம்பைக் கரைத்துச் சிறிது பசை சேர்த்து, தண்டிலும் பருத்த கிளைகளிலும் படுமாறு தெளிக்கலாம். இனக்கவர்ச்சிப் பொறி ஏக்கருக்கு 10 வீதம் வைப்பதும் பயன் தரும். பக்கத்துத் தோட்டக்காரர்களும் சேர்ந்து வைத்தால் பலன் கூடும்.

படங்களைக் காட்டி யோசனை கேட்க ஏற்காட்டில் உள்ள காப்பி வாரிய அலுவலகத்தையும், தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்தையும் அணுகலாம். சமவெளி விவசாயிகளுக்குச் சந்தியூர் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது. 2004-ல் தொடங்கப்பட்ட உழவர் அழைப்பு மையத்தை 1800-180-1551 என்ற எண்ணில் கட்டணமின்றித் தொடர்பு கொள்ளலாம்.

செடியைப் பிடுங்கிய பிறகு வெறும் குழியையும் ஒரு படம் எடுத்து, தேதியுடன் பழைய படத்தோடு சேர்த்து வைக்க வேண்டும். அடுத்த மார்ச்சில் தண்டு பார்க்கப் போகும்போது முதலில் பார்க்க வேண்டியவை அந்தக் குழியைச் சுற்றியுள்ள எட்டுச் செடிகள்.